மறைந்த தலைவரை மதிப்பிடுதல்
(சேர் பொன்னம்பலம் இராமநாதன் வரலாற்றிலிருந்து ஒரு பாடம்)

யாழ்ப்பாணத்திலே ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாளிலே கல்வெட்டு வெளியிடுதல் நெடுங்கால வழக்கமாகும். மறைந்தவருடைய குடிப்பிறப்பு, கல்வி, உத்தியோகம், தருமம், மக்கட்பேறு என்பன அதிலே நிரல்படப் பாடப்பெறும். குற்றம் ஒன்றும் அதிலே இடம்பெறாது, இடம்பெறவும் கூடாது. துயருற்ற குடும்பத்துக்கு ஆறுதல் கூறுதலே கல்வெட்டின் நோக்கமாதலின், அதனைக் குறைகூறுவார் எவருமிலர்.

ஆயின், பொதுவாழ்விலே ஈடுபட்ட ஒருவர் மறைந்து தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலான பின்னரும் நாம் கல்வெட்டே பாடிக்கொண்டிருப்போமானால், அவரை நாம் அறிந்தவர்களாக மாட்டோம். அவ்வாறே, குணங்களை எல்லாம் விலக்கிக் குற்றங்களை மட்டும் நிரல்படுத்துவோரும் கல்வெட்டுப் பாடுவோரே; அவர்தம் கல்வெட்டு வசைக் கல்வெட்டு என்பதொன்றே வேறுபாடு. இவ்விரண்டுக்கும் புறம்பான மூன்றாவது வழி உண்டா என்பதே இக்கட்டுரை ஆராய எடுத்துக்கொண்ட பொருள். எடுத்துக்காட்டாக நாம் கொள்வது சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களின் வரலாறு.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டிய நிகழ்ச்சியொன்றை முதலிற் கூறிவிடுதல் தகும். பல ஆண்டுகளின் முன் நான் ஆசிரியனாயிருந்த பாடசாலையொன்றிலே இராமநாதன் நினைவுநாள் கொண்டாடப்பெற்றது. படத்துக்கு மாலை சூட்டப்பெற்றபின் நானே நினைவுரை நிகழ்த்தினேன். அவர் கட்டிய கல்லூரிகளையும் கோயிலையும், சட்டசபையிலே அவர் முழங்கிய முழக்கத்தையும் எடுத்துரைத்தேன். கூட்டம் கலைந்தபின் மேல்வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, “ஐயா, அவர் கேட்டபடி நடந்திருந்தால் என் பாட்டனாருக்கு வாக்கு இருந்திருக்குமா?” என்று வினாவினான். “அக்காலம் அப்படிப்பட்டது, தம்பி” என்று கூறி அவனை அனுப்பிவிட்டேன். அவன் மறுமொழி கூறவில்லை. அவன் கேட்ட வினா நேர்மையானது. நான் கூறிய விடை நேர்மையானதன்று. அன்று கூறத் தவறிய விடையை இன்றாவது கூற முயல்கின்றேன்.

1. வாழ்வும் பணியும்

இராமநாதன் 1851-ஆம் ஆண்டு கொழும்பிலே, பொன்னம்பல முதலியாரின் புதல்வராகப் பிறந்தார். சேர் முத்துக்குமாரசுவாமி அவருக்குத் தாய்மாமன். சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவருக்கு இளையவர். கொழும்பிலும் சென்னையிலும் கல்வி பயின்று அப்புக்காத்தாகித் தொழில் நடத்திய அவர், மாமனார் மறைந்த 1879-ஆம் ஆண்டிலே சட்டநிரூபண சபையிலே தமிழரின் பிரதிநிதியாக நியமனம் பெற்றார். 1892 தொடக்கம் 1906 வரை மன்றாடியார் நாயகமாகப் பணிபுரிந்தார். 1911-ஆம் ஆண்டு இறுதியிலே நடந்த முதலாவது தேர்தலிலே படித்த இலங்கையருக்கென ஏற்படுத்தப்பட்ட தனி ஆசனத்துக்குத் தெரிவானார். 1921-இலே ‘சேர்’ பட்டம் பெற்றார். 1930-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 26-ஆந் தேதி தமது எழுபத்தொன்பதாம் வயதிலே காலமானார்.

அவர் ஆக்கியவற்றுள் மூன்றைச் சைவ உலகம் என்றும் மறவாது. மருதனார்மடத்திலே 1913-இலே பெண்களுக்கென நிறுவிய இராமநாதன் கல்லூரி ஒன்று. திருநெல்வேலியிலே 1921-இலே ஆண்களுக்கென நிறுவிய பரமேசுவராக் கல்லூரி மற்றொன்று. தந்தையார் கொழும்புக் கொச்சிக்கடையிலே கட்டிய பொன்னம்பலவாணேசர் ஆலயத்தைக் கருங்கற் றிருப்பணியாகப் புதுக்கியமை மூன்றாவது. மிசனரிமாரின் பாடசாலைகளே ஆங்கிலக் கல்விக்குப் பெருவாயிலாயிருந்த காலத்திலே, சைவச் சூழலிலே அக்கல்வியைப் பெறும் வழியைத் தம் பொருளைச் செலவிட்டுத் திறந்தவர்களுள் அவர் முன்னணியிலே நின்றவர்.

இவையெல்லாம் உண்மை. இவற்றைக் குறைத்துக் கூறுதல் நன்றிமறத்தலாகும்.

2. ஒரு செயல், இரு பார்வை

1915-ஆம் ஆண்டு மே மாத இறுதியிலே கண்டியிலே சிங்களருக்கும் சோனகருக்கும் இடையே மூண்ட கலகம், சில நாட்களிலே தென்மேற்கு மாகாணங்கள் எங்கணும் பரவிற்று. சோனகரின் கடைகள் நாலாயிரத்துக்கு மேல் சூறையாடப்பட்டன, பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன, உயிர்கள் மாண்டன. தேசாதிபதி சேர் றொபேட் சாமர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். அதன் கீழே சிங்களர் பலர் விசாரணையின்றியும் குறைந்த விசாரணையுடனும் சுடப்பட்டனர். டீ. எஸ். சேனநாயக்கா, டீ. பி. சயதிலகா முதலியோர் சிறையிலிடப்பட்டனர். ஹென்றி பெத்திரிஸ் என்னும் இளைஞர் யூலை மாதத்திலே மரணதண்டனைக்கு உள்ளானார்.

அந்நாளிலே ஆட்சியாளரை எதிர்த்துப் பேசுதல் எளிதன்று. இராமநாதன் சட்டநிரூபண சபையிலே எழுந்து, நடந்தது அரசத் துரோகமன்று என்றும், இராணுவச் சட்டத்தின் பெயரால் நிகழ்ந்தவை அநீதி என்றும் எடுத்துரைத்தார். போர்க்காலக் கடலைக் கடந்து இங்கிலாந்து சென்று முறையிட்டார். அக்கலகத்தையும் இராணுவச் சட்டத்தையும்பற்றி அவர் ஆங்கிலத்திலே எழுதிய நூல் 1916-இலே இலண்டனில் வெளிவந்தது. அவர் மீண்டு வந்தபோது சிங்களப் பெருமக்கள் அவர் ஏறியிருந்த வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே இழுத்துச் சென்றனர். நம்மவர் மேடைகளிலே பலகாற் கூறப்படும் கதை இது.

அக்கதையைச் சோனகர் ஒருவரின் இல்லத்திலே சென்று கூறிப்பாருங்கள். கடை எரிந்தவரும் உறவினரை இழந்தவரும் சோனகர். சபையிலே கேட்டதோ தாக்கிய தரப்பினருக்காக எழுந்த வாதம். தம் துயரம் அங்கே உரிய அளவிலே பேசப்படவில்லை என அவர்கள் எண்ணினர். அதற்கு முன்னரே ஒரு மனக்கசப்பும் இருந்தது. 1888-இலே இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று அரச ஆசியச் சங்கத்திலே கட்டுரை படித்திருந்தார். தமக்கெனத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டிநின்ற சோனகர் அதனைத் தம் உரிமையை மறுக்கும் வாதமாகக் கொண்டனர். 1889-இலே சோனகருக்குத் தனி அங்கத்தவர் நியமிக்கப்பட்டார். இராமநாதனின் கட்டுரைக்கு ஐ. எல். எம். அப்துல் அசீஸ் 1907-இலே விரிவான மறுப்பு எழுதினார்.

ஆகவே, 1915-இல் அவர் செய்தது வீரமா, ஓரவஞ்சனையா? இராணுவச் சட்டத்தின் கொடுமையை எதிர்த்தமை வீரமே. பாதிக்கப்பட்ட மற்றோர் இனத்தாரின் குரல் அவ்வீரத்துள்ளே அடங்கிப் போயிற்று என்பதும் உண்மையே. இவற்றுள் ஒன்றைக் கூறி மற்றதை மறைத்தல் ஆராய்ச்சியாகாது. இங்கே நாம் கற்கும் முதலாவது பாடம் இது: ஒருவரின் செயலை மதிப்பிடும்போது அதனாற் பயன்பெற்றவரிடம் மட்டுமன்றி, அதனால் நொந்தவரிடமும் கேட்டல் வேண்டும்.

1911-ஆம் ஆண்டுத் தேர்தலும் இவ்வகையானதே. சிங்களர் மிகுந்த தொகுதியிலே தமிழரொருவர் வெற்றிபெற்றமை அக்கால இன ஒற்றுமைக்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. அன்று வாக்குரிமை பெற்றிருந்தோர் மூவாயிரத்துக்கும் குறைந்தவர்கள். எதிர்த்து நின்ற மருத்துவர் மார்க்கஸ் பெர்னாண்டோ கரையார் வகுப்பினர் என்பதனால், கொவிகம வகுப்பாருட் பலர் அவரைத் தவிர்த்து இராமநாதனை ஆதரித்தனர். இன வேற்றுமை தோன்றாமைக்குச் சாதி வேற்றுமையும் ஒரு காரணமாயிருந்தது என்பதை அறிந்தால், அவ்வெற்றியின் பொருள் சற்றே வேறாகும்.

3. பலித்த அச்சமும் பலியாத நியாயமும்

இனி அம்மாணவன் கேட்ட வினாவுக்கு வருவோம். 1927-ஆம் ஆண்டு இறுதியிலே டொனமூர் ஆணைக்குழுவினர் இலங்கைக்கு வந்தனர். அதற்கு முன்னர் நடைபெற்ற 1924-ஆம் ஆண்டுத் தேர்தலிலே வாக்குரிமை பெற்றிருந்தோர் சனத்தொகையில் நூற்றுக்கு நால்வரே. சொத்து, வருமானம், எழுத்தறிவு என்னும் தகுதிகள் உடைய ஆடவரே வாக்களித்தனர். ஆணைக்குழுவினர் 1928-இலே வெளியிட்ட அறிக்கையிலே இரண்டு பெருமாற்றங்களை விதந்துரைத்தனர். ஒன்று, இனவாரிப் பிரதிநிதித்துவத்தை நீக்கிப் பிரதேசவாரிப் பிரதிநிதித்துவம் ஏற்படுத்துதல். மற்றையது, சர்வசன வாக்குரிமை.

இராமநாதன் இவ்விரண்டையும் எதிர்த்தார். 1929-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே சட்டநிரூபண சபை அச்சீர்திருத்தங்களை 19-க்கு 17 என்னும் சிறு பெரும்பான்மையால் ஏற்றது. அதன்பின்னும் அவர் ஓயாது, முதுமையையும் பொருட்படுத்தாது இங்கிலாந்து சென்று குடியேற்ற நாட்டு அமைச்சரிடம் விண்ணப்பித்தார். அது பயன்படவில்லை. திரும்பிவந்து சில மாதங்களில் மறைந்தார். 1931-இலே புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாரும் வாக்குரிமை பெற்றனர்.

அவருடைய எதிர்ப்பை நாம் இரண்டு கூறாகப் பிரித்தல் இன்றியமையாதது.

முதலாவது கூறு, சிறுபான்மையினரின் பாதுகாப்புப்பற்றியது. தலைகளை எண்ணி ஆட்சி அமைக்குமிடத்து, எண்ணிக்கையிற் குறைந்தவர்களுக்குச் சட்டத்திலே காப்பு வேண்டும்; அது டொனமூர்த் திட்டத்திலே இல்லை என அவர் வாதித்தார். இவ்வச்சம் வீணானதன்று. 1936-இலே அமைந்த மந்திரிசபையில் தமிழரோ முஸ்லிம்களோ ஒருவரும் இடம்பெறவில்லை. 1948-ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் மலையகத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கி, அவர்தம் வாக்குரிமையையும் பறித்தன. 1956-இலே சிங்களம் ஒன்றே அரசகரும மொழி என்னும் சட்டம் நிறைவேறிற்று. அதன்பின் நடந்தவற்றை இங்கே விரித்தல் வேண்டா. இம்மலரைப் படிப்போருள் அவற்றை அனுபவித்து அறியாதார் சிலரே.

இரண்டாவது கூறு வேறானது. கல்வியும் சொத்தும் இல்லாத எளிய மக்களிடம் வாக்கைக் கொடுத்தல் தகாது என்பது அது. சாதியிலே தாழ்த்தப்பட்டோர் மற்றையோருடன் ஒப்ப வாக்களித்தல் சைவ சமூக ஒழுங்குக்கு மாறானது என்று அவர் கருதினார். பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதையும் அவர் விரும்பவில்லை. பெண்களுக்கென நாட்டிலே சிறந்த கல்லூரியொன்றைத் தம் பொருளாற் கட்டியவரே, அங்கே கற்ற பெண் வாக்குச்சாவடிக்குச் செல்லுதல் வேண்டா என்றும் எண்ணினார்.

நம்மிடையே அடிக்கடி நிகழும் பிழை இங்கேயே பிறக்கின்றது. “இராமநாதன் அன்றே சொன்னார், நாம் கேட்கவில்லை” என்று கூறுவோர் முதலாவது கூற்றை மனத்திற்கொண்டே கூறுகின்றனர். ஆயின், அவ்வாறு கூறும்போது இரண்டாவது கூறும் அதன் நிழலிலே மறைந்து மன்னிப்புப் பெற்றுவிடுகின்றது. ஒருவர் கூறிய அச்சம் பலித்தது என்பதனால், அவ்வச்சத்தோடு சேர்த்துக் கூறிய பிறிதொன்று நியாயமாகிவிடாது. சிறுபான்மையினருக்குக் காப்பு வேண்டும் என்பது ஒன்று. சிறுபான்மையினருள்ளேயே எளியவருக்குக் குரல் வேண்டா என்பது மற்றொன்று. முன்னையது பிறர் நம்மை அடக்குவர் என்னும் அச்சம். பின்னையது நாம் அடக்கி வைத்திருந்தோர் எழுவர் என்னும் அச்சம். இரண்டும் ஒரே நாவிலிருந்து பிறந்தமையால் ஒன்றாகிவிடா.

எளியவனுக்கு வாக்கினாற் பயன் என்னை என்று கேட்போர், அது பறிக்கப்பட்ட மலையகத் தமிழரைக் கேட்டால் அறிவர். வாக்கை இழந்தபின் அவர் வாழ்ந்த தோட்டங்களுக்குப் பாடசாலையும் வைத்தியசாலையும் தெருவும் எத்துணைத் தாமதமாக வந்தன என்பது யாவரும் அறிந்ததே. மற்றொரு புறம், சர்வசன வாக்கினாலே தெரிவான அரசாங்க சபையின் காலத்திலேயே, சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி மந்திரியாயிருந்தபோது, 1945-இலே இலவசக் கல்வி ஏற்பட்டது. கோயில் முதலிய பொது இடங்களிலே சாதி காரணமாக ஒருவரைத் தடுத்தல் குற்றம் என்னும் சட்டம் 1957-இலே நிறைவேறியதும் மக்கள் வாக்கினாலமைந்த பாராளுமன்றத்திலேயாம். வாக்கு எல்லாத் துன்பங்களையும் தீர்த்துவிடவில்லை. ஆயினும், அஃதில்லாதவன் தன் துன்பத்தை எடுத்துச் சொல்லவும் இடமற்றவன்.

4. “அக்காலம் அப்படிப்பட்டது”

நான் அம்மாணவனுக்குக் கூறிய விடை இது. பெரியோர் பலர் இன்றும் கூறும் விடையும் இதுவே. இதிலே உண்மை சிறிது உண்டு. ஒவ்வொருவரும் தம் காலத்துக் காற்றையே சுவாசிக்கின்றனர். பெருஞ்செல்வக் குடியிலே பிறந்து, தேசாதிபதிகளோடு பழகி, ஆகமங்களிலும் வேதாந்தத்திலும் தோய்ந்த முதியவர் ஒருவரிடம் இன்றைய கருத்துக்களை எதிர்பார்த்தல் பொருந்தாது.

ஆயினும், இவ்விடையை ஏற்குமுன் ஒன்றை வினாவுதல் வேண்டும். அதே காலத்திலே, அதே மண்ணிலே மாறாகச் சிந்தித்தோர் இருந்தனரா? இருந்தனர். அவர்தம் இளவலாகிய அருணாசலமே 1915-இலே சமூக சேவைச் சங்கத்தையும், பின்னர்த் தொழிலாளர் நலச் சங்கத்தையும் தோற்றுவித்து, எளிய மக்களின் வாழ்வை அரசியலின் பொருளாக்கினார். யாழ்ப்பாணத்திலே 1924-இலே மாணவர் மாநாடாகத் தொடங்கிய வாலிபர் காங்கிரசு, சாதி வேற்றுமையை வெளிப்படையாக எதிர்த்தது. ஹன்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர்கள் சம ஆசனம், சம போசனம் என்னும் கொள்கைகளை ஆசிரியராயிருந்தே பரப்பினர். அவர்களும் டொனமூர்த் திட்டத்தை எதிர்த்தவர்களே. 1931-ஆம் ஆண்டுத் தேர்தலை வடபகுதியிலே பகிஷ்கரிக்கச் செய்தவர்களே. ஆனால் அவர்தம் காரணம் மறுதலையானது. மக்களுக்கு மிகுதியாகக் கொடுக்கப்பட்டது என்பது இராமநாதனின் குறை. முழு விடுதலை கொடுக்கப்படவில்லை என்பது வாலிபரின் குறை.

அக்காலம் ஒரே குரலிலே பேசவில்லை என்பது இதனால் விளங்கும். உதவிநன்கொடை பெறும் பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வாங்கிலே இருத்துக என்று அரசாங்கம் பணித்தபோது, அதனை ஏற்ற ஆசிரியரும் இருந்தனர். ஏற்காது பாடசாலைக் கொட்டகைக்குத் தீயிட்டோரும் இருந்தனர். இருசாராரும் ஒரே காலத்தவரே. நிலத்திலே இருத்தப்பட்ட பிள்ளையும் அக்காலத்தவனே. அக்காலத்தைப்பற்றிப் பேசுவோர் அவனை மட்டும் அக்காலத்திலிருந்து நீக்கிவிடுதல் முறையன்று.

5. கட்டியவரும் கட்டிடமும்

இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி வளவிலேயே 1974-இலே யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பெற்றது. 1979-இலே அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாயிற்று. அவர் எழுப்பிய சிவன் கோயில் இன்றும் அவ்வளவிலே விளங்குகின்றது. அதன் முன்னாலே நடந்து விரிவுரைக்குச் செல்லும் மாணவ மாணவியரிலே எல்லாக் குடிப்பிறப்பினரும் உளர். சோனகரும் சிங்களரும் மலையகத்தாரும் உளர். அவருள் வயது வந்தோர் எல்லாரும் வாக்காளர். கட்டியவர் நினைத்திராத பேர்களுக்கு அக்கட்டிடம் பயன்படுகின்றது. நல்ல நிறுவனத்தின் சிறப்பு இதுதான். அது தன்னை ஆக்கியவரின் எல்லையைக் கடந்து வளரும். அவர் வாதங்களிற் சில மாய்ந்தன. அவர் வைத்த கற்கள் நிற்கின்றன. அக்கற்களுக்காக நன்றி கூறுவதும், அவ்வாதங்களுக்காக நாணுவதும் ஒரே நெஞ்சிலே நிகழத் தடையில்லை.

6. முடிவு

தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்திலே வள்ளுவர், ஒருவனுடைய குணங்களையும் குற்றங்களையும் ஆராய்ந்து அவற்றுள் மிகுந்ததைக் கொண்டு அவனைத் துணியுமாறு கூறினார். பலர் இவ்விதியை மறைந்த தலைவருக்கும் பொருத்தி, கூட்டிக் கழித்து ஒரு மீதியைக் காட்ட முயல்வர். ஆனால் அவ்வதிகாரம் பணிக்கு ஆள் தேர்தலைப்பற்றியது. ஒருவனை வேலைக்கு அமர்த்துவதா விடுவதா என்னுமிடத்து ஒரு முடிவு வேண்டும். ஆதலால் மீதி காணல் பொருந்தும். மறைந்தவரையோ நாம் எப்பணிக்கும் அமர்த்தப்போவதில்லை. இரண்டு கல்லூரிகள் கட்டிய புண்ணியத்தாலே, வாக்கு வேண்டா என்ற பிழை கழிந்துவிடாது. அப்பிழையினாலே கல்லூரிகள் இடிந்துவிடவும் மாட்டா. ஒவ்வொன்றும் தன் தன் பெயரோடு ஏட்டிலே நிற்றல் வேண்டும்.

இன்று பயிலும் மாணவர்க்கு ஒன்று கூறுவேன். நீங்கள் வாழும் காலத்துத் தலைவர்களும் ஒருநாள் மறைவர். அவர்களுக்கும் மாலையும் வசையும் வந்து குவியும். அப்போது நான்கு வினாக்களை மறவாதீர்கள். அவர் செயலாலே நலம்பெற்றவர் யார், நொந்தவர் யார்? அவர் கூறிய காரணங்களுள் காலம் மெய்ப்பித்தது எது, காலம் தள்ளியது எது? அவர் காலத்திலேயே மாறாகச் சிந்தித்தோர் இருந்தனரா? அவர் ஆக்கி வைத்தது இன்று யாருக்குப் பயன்படுகின்றது? இவற்றுக்கு விடை தேடுவோன் மாலை சூட்டவும் தகுதியுடையவன்.

பழைய மாணவர்களாகிய நமக்கும் ஒரு கடன் உண்டு. விழா மலர்களிலே நிறுவியோரையும் தலைவரையும் புகழ்ந்து எழுதுகின்றோம், அது தக்கதே. அக்காலத்திலே வாயிலுக்கு வெளியே நின்றவர்களைப்பற்றியும் ஒரு பக்கம் எழுதுவோமானால், நம் புகழுரைக்கு மெய்ம்மை சேரும்.

என்னிடம் வினாவிய அம்மாணவன் இன்று எங்கேயோ நான் அறியேன். இம்மலர் அவன் கைக்கு எட்டுமாயின், என் விடை இதுவாகும்: “தம்பி, அவர் கேட்டபடி நடந்திருந்தால் உன் பாட்டனாருக்கு வாக்கு இருந்திராது. அவர் கேட்டது பிழை. அவர் கட்டிய கல்லூரி உனக்கும் உரியது. இவ்விரண்டையும் அன்றைக்கே மேடையில் நின்று நான் சொல்லியிருக்க வேண்டும்.”